நல்லாத்தான் இருக்கேன்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய விளக்குகள் அனலைக் கொட்டிக்கொண்டிருந்தன. நிலாவுக்குப் போகிறவர்களுக்காகத் தைத்த வெள்ளை உடைக்குள் புகுந்துகொண்டு, கிளைட் ட்ரெட்மில்லில் நடந்துகொண்டிருந்தான்.

வெர்னா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த உடைக்கு அடியில், உடம்போடு ஒட்டிய வலைச்சட்டையில், மெல்லிய குழாய்களைக் கோத்தவள் அவள்தான். குழாய்களில் குளிர்ந்த தண்ணீர் ஓட வேண்டும். ஓரிடத்தில் மடங்கினாலும் போச்சு, உள்ளே இருக்கிறவன் தன் சூட்டிலேயே வெந்துபோவான்.

பழைய உடையில் உடம்பைக் குளிர வைக்க வெறும் காற்றுதான். போன மாதம் அதைப் போட்டுக்கொண்டு நடந்தபோது மயங்கி விழுந்தான். விழுவதற்குச் சற்று முன்பு கேட்டதற்குக்கூட நல்லாத்தான் இருக்கேன் என்றான்.

விமானப்படையிலிருந்து வந்தவர்கள் எல்லோருமே இப்படித்தான். புழுங்குகிறது என்று வாயைத் திறந்தால் மானம் போய்விடும்.

அன்றைக்கு அவன் பனியனைப் பிழிந்தவள் வெர்னா. பிழியப் பிழிய வியர்வை வந்தது. அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

குழாயைக் கோக்க ஆரம்பித்ததும் தையல் அறையில் ஒரே கேலி. தோட்டத்துச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சவா என்று மேபல் கேட்டாள். வெர்னா காதில் வாங்கவில்லை. மனசுக்குச் சரியாகப் படாத இடத்தையெல்லாம் பிரித்துப் பிரித்து மறுபடி கோத்தாள்.

எப்படி இருக்கிறது என்று பொறியாளர் ஹார்லன் மைக்கில் கேட்டார். நல்லாத்தான் இருக்கேன் என்றான் கிளைட்.

வெர்னா கண்ணாடிக்கு இன்னும் நெருங்கி வந்தாள்.

விளக்குகளை இன்னும் கூட்டினார்கள். ட்ரெட்மில்லின் வேகத்தையும் ஏற்றினார்கள். ஹார்லன் மறுபடி கேட்டார். பதில் இல்லை. சோதனையை நிறுத்தும் பொத்தானுக்கு அவர் கை போனது.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஏம்ப்பா, குளிருது. தண்ணியக் கொஞ்சம் குறைங்களேன்."

கிளைட் குறை சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. ஹார்லன் தண்ணீரைக் குறைத்துவிட்டு, வெர்னாவைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. பெருமை தாங்கவில்லை.

"கல்யாணமான புதுசுல நான் கருக்கி வச்ச வான்கோழியக்கூட நல்லாத்தான் இருக்குன்னு தின்ன மனுஷன் சார் இவரு."

கொக்கியில் தொங்கிய கணவனின் கம்பளிக் கோட்டை எடுத்துக்கொண்டு, கதவருகே போய் நின்றாள்.