எட்டு மூலைத் தங்கம்

சாக்ரமெண்டோ ஆற்றின் மேல் நிற்கும் கடையில், பலகை இடுக்குகள் வழியே தண்ணீரின் வெளிச்சம் கூரையில் ஆடுகிறது. டெல்ஃபின் ‘ஆப்பிள் பை’ என்னும் பலகாரத்துக்கு மாவு பிசைகிறாள். பொன் தேடி அலையும் சைலஸ் அவள் முன் உள்ளங்கையை விரிக்கிறான். ஓராண்டு ஆற்று மணலில் அரித்த பொன்தூளைத் தனியார் நாணயப் பட்டறையில் கொடுத்து அச்சடித்து வாங்கிய எட்டு மூலை நாணயம். பொன் தேடிகள் இதை ‘ஸ்லக்’ என்பார்கள். “சொன்னபடி கொண்டாந்துட்டேன். கல்யாணம் எப்ப?” என்னும்போதே கை சரிந்து நாணயம் நழுவித் தொம்மென்று விழுகிறது. வட்டக் காசுகள் எத்தனையோ உருண்டோடி ஆற்றில் போன தரை இது. டெல்ஃபின் மாவை விட்டுவிட்டு ஓடி வருகிறாள். ஸ்லக்கோ இடுக்கின் ஓரத்தில், விழுந்த இடத்திலேயே, வெயில் காய்கிறது. “உருளவே இல்ல பாத்தியா?” என்று இளிக்கிறான். “அதுக்கு இருக்கற புத்தி உனக்கு இருக்கா? அடுத்த மலையில பொன்னுன்னு எவனாவது சொன்னா ஓடிருவியே,” என்றவள், நாணயத்தை அப்படியே விட்டுவிட்டு, மாவுக் கையால் அவன் காதைப் பிடித்துக்கொள்கிறாள்.