குழாய்க்கு ஒரு கையெழுத்து

போஸ்டர்கூட எட்டிப் பார்க்காத அந்த ஒஹாகா மலைக் கிராமத்துக்கு வேட்பாளரின் கார் வந்தே விட்டது. பாண்டு வாத்தியம் முழங்கியது. சோள ரொட்டி விற்கும் எவுஃப்ரோசினா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, காரிலிருந்து இறங்கிய கறுப்புக் கோட்டுக்காரரின் கழுத்தில் சாமந்தி மாலையைப் போட்டாள்.

"அம்மா, நான் வந்து..."

"பேச்செல்லாம் அப்புறம் வச்சுக்கலாம் ஐயா. ஊருக்குத் தண்ணிக் குழாய் வேணும். முதல்ல இந்த மனுவுல கையெழுத்துப் போடுங்க."

"அதை இப்படிக் குடும்மா" என்று நடுவில் கை நீட்டினார், கூடவே இறங்கிய கிழிந்த ஓலைத்தொப்பிக்காரர்.

"பெரியவரே, பந்தி அந்தப் பக்கம். கோழிக்குழம்பு தீர்றதுக்குள்ள போங்க" என்று அவரை ஒதுக்கிவிட்டாள். ஊரே சிரித்தது.

தொப்பிக்காரர் முகம் சிவக்க, காரின் பின்சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

"வண்டியை எடுடா அனாக்லெத்தோ. ஏழையோட ஏழையா தெரியணும்னு இந்த உடுப்பைப் போட்டா, வேட்பாளரையே பந்திக்கு விரட்டுறாங்க."

கோட்டுக்காரன் மாலையைக்கூடக் கழற்றாமல் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான்.

எவுஃப்ரோசினாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் விடவில்லை; மனுவைப் பின் ஜன்னல் வழியே நீட்டினாள். உள்ளே இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அனாக்லெத்தோ சாவியை உருவிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஐயா, கையெழுத்தைப் போட்டுடுங்க. எங்க அம்மாவும் இன்னும் குடம்தான் தூக்குறா. கையெழுத்து விழுந்தப்புறம்தான் வண்டி கிளம்பும்."

நடந்து இறங்கினால் பன்னிரண்டு கிலோமீட்டர். வேட்பாளர் பேனாவைத் தேடினார்.