ஒண்ணாம் நம்பர் பாட்டில்

"உங்க முகத்துக்குப் பதினாலாம் நம்பர் மேடம். நீங்க கேக்கறது ஒண்ணாம் நம்பர். பூசினீங்கன்னா, மாவு மூட்டைக்குள்ள தலையை விட்டு எடுத்த மாதிரி இருக்கும்!"

ஹெட்போனில் அந்தப் பெண்மணி சிரிப்பது கேட்டது.

"பரவாயில்ல. எனக்கு ஒண்ணாம் நம்பரே அனுப்பிடும்மா."

ஷேடு டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆபீசில் அவளுக்கு அதுதான் பட்டப்பெயர். ஃபவுண்டேஷன் என்கிற முகப்பூச்சை வாங்குகிறவர்களை நேரில் பார்க்காமலே, அவர்கள் போனில் அனுப்பும் படத்தை வைத்து, இருபது நிற ஷேடில் எது தோலோடு சேரும் என்று சொல்ல வேண்டும். கன்னத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத்தாளைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொல்வாள். தாளே மஞ்சளாகத் தெரிந்தால் வெளிச்சம் சரியில்லை. திரும்ப எடு என்பாள். லேசில் விடமாட்டாள்.

அப்படியும் இந்த மாதம் இரண்டு பாட்டில் திரும்பி வந்துவிட்டன. இரண்டு பேருமே இவள் பேச்சைக் கேட்காமல் வெளுப்பாக வாங்கி, பூசிப் பார்த்துவிட்டு, 'கலர் சேரலை' என்று அனுப்பியவர்கள். பழி மட்டும் இவள் தலையில். மூன்றாவது வந்தால் இந்த நாற்காலி போச்சு. பழையபடி கீழே போய்ப் பார்சல் ஒட்ட வேண்டியதுதான்.

"மேடம், உண்மையையே சொல்லிடறேன். இன்னொரு பாட்டில் ரிட்டர்ன் வந்தா என் சீட்டு போயிடும்."

"சத்தியமா திரும்பி வராதும்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க! உங்க கலருக்கு என்ன குறைச்சல்? நல்ல மாநிறம், களையான முகம்."

"எனக்கும் என் கலர் பிடிக்கும்மா."

"அப்புறம் எதுக்கு இது?"

"வேணும்."

பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "ஊதுற சங்கை ஊதியாச்சு. விட்டுத் தொலைடி."

ஷேடு டாக்டர் மைக்கைப் பொத்திக்கொண்டாள். "பார்சல் ஒட்டப் போறது நீயா, நானா?"

அதற்குள் அந்தப் பெண்மணி, "ரெண்டாவதா ஒரு படம் அனுப்பினேனே, பாத்தியாம்மா? அதோட சேரணும்" என்றாள்.

திறந்து பார்த்தாள். ஒரு காசு அகலத்துக்குத் தோல், அவ்வளவுதான். பாலாக வெளுப்பு. ஓரத்தில் மட்டும் பழுப்பாக ஒரு நெளிவு. விரல் நிழல் விழுந்திருக்கும்.

ஏதோ நடிகை படத்திலிருந்து கன்னத்தை மட்டும் வெட்டி எடுத்து இந்த அம்மா அனுப்பியிருக்கு என்று நினைத்தாள். ஆனால் பக்கத்தில் சொன்னது சொன்னபடி வெள்ளைத்தாள் இருந்தது. நடிகை எப்போது இந்த அம்மாவின் ஜன்னலோரம் வந்து நின்றாள்?

"யாரு மேடம் இது?"

"எங்க வீட்டு ஆளுதான்."

"ஓரகத்தியா? நாத்தனாரா? யார்கூடப் போட்டி?"

"அய்யோ, போட்டியெல்லாம் இல்லம்மா. பாட்டில்ல சின்னது இருக்கா? கொஞ்சமாத்தான் பூசுவேன்."

"சின்னது முகம் முழுக்கப் பத்தாதே."

"முகம் முழுக்க இல்ல. உதட்டோரத்துல பூசினா, சாப்பிடும்போது அழிஞ்சிடுமா?"

இதென்ன கூத்து? உதட்டோரத்தில் மட்டும் யார் ஃபவுண்டேஷன் பூசுவார்கள்? மண்டை குடைந்தது ஷேடு டாக்டருக்கு.

"வேர்த்தா கரையுமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள கைக்கு வந்துடுமா? திங்கட்கிழமை காலைல கண்டிப்பா வேணும்."

"திங்கட்கிழமை என்ன விசேஷம்?"

"ஸ்கூலுக்குப் போகணும்."

சரிதான்! மற்ற அம்மாக்கள் முன்னால் வெள்ளையாகப் போய் நிற்கவேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு. இதற்குமேல் ஷேடு டாக்டரால் வாயைக் கட்ட முடியவில்லை.

"கோவிச்சுக்காதீங்க மேடம். உங்களுக்குப் பொண்ணு இருக்கா? அம்மாவே சொந்த நிறத்தை மறைச்சுக்கிட்டு ஸ்கூல் வாசல்ல வந்து நின்னா, அந்தக் குழந்தை என்ன கத்துக்கும்?"

போச்சு, புகார் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"பொண்ணு இருக்கும்மா" என்றது குரல், மெதுவாக. "ரெண்டாங்கிளாஸ். அந்த ரெண்டாவது படம் அவதான்."

"என்னது?"

"வெண்புள்ளி. உதட்டோரத்துல வந்திருக்கு. கூடப் படிக்கற பிள்ளைங்க தள்ளி உக்கார்றாங்களாம். பத்து நாளா ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அழறா. நானும் முதல்ல அவ நிறத்துக்கு ஒண்ணு வாங்கிப் பூசி மறைச்சேன். 'மறைக்கிற அளவுக்கு நான் அசிங்கமாம்மா?'ன்னு கேட்டுட்டா."

ஷேடு டாக்டர் அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். ஓரத்தில் தெரிந்தது நிழல் இல்லை. அம்மாவுக்கு இருக்கிற அதே மாநிறம். தினமும் நூறு முகம் பார்க்கிறவளுக்கு இது கண்ணில் படாமல் போய்விட்டதே!

"அப்போ… இந்தப் பாட்டில் யாருக்கு மேடம்?"

"எனக்குத்தாம்மா. என் உதட்டோரத்துலயும் அதே மாதிரி ஒண்ணு வரைஞ்சுக்கிட்டு, திங்கட்கிழமை அவ கையைப் பிடிச்சு வகுப்பு வரைக்கும் கூட்டிட்டுப் போகப்போறேன். நல்லாப் பாத்துச் சொல்லு, ஒண்ணாம் நம்பர் அவளோட சரியா சேருமில்ல?"