பச்சை மூடி

முதல் கேள்வியைப் படித்தான். எழுத்துகள் நகர்ந்தன.

கண்ணைத் தேய்த்துவிட்டு மறுபடி படித்தான்.

உலகின் மூலப்பொருள் பற்றித் தேலீஸும் அவருடைய மாணவர் அனாக்சிமாண்டரும் கொண்ட கருத்துகளை விளக்குக.

தெரிந்த கேள்விதான்.

விரல் நுனிகள் எரிந்தன. வாட்டர் பிளாண்டில் இரவெல்லாம் கேன்களுக்கு மூடி போட்டு, மேலே பிளாஸ்டிக் உறையைச் சுட்டு இறுக்கிவிட்டு, குளிக்காமல் நேரே பரீட்சைக்கு வந்திருந்தான்.

பாதியில் விட்ட படிப்பு. இந்த ஒரு பேப்பர் மட்டும் மிச்சம். பழைய சிலபஸுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று கல்லூரிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

டிகிரியைக் கொண்டுவந்தால் பகல் ஷிஃப்டில் சூப்பர்வைசர் வேலை என்று ஓனர் சொல்லியிருந்தார். என்ன டிகிரி என்று கேட்கவில்லை.

பகலில் வேலை. இரவில் தூக்கம். தத்துவத்திடம் அவன் கேட்டது அவ்வளவுதான்.

எழுதினான்.

'எல்லாம் நீரே என்றார் தேலீஸ். விதை ஈரமானது. உணவு ஈரமானது. ஆகவே அப்படி நினைத்திருக்கலாம். அது தவறு. ஆனால் கடவுள் செய்தார் என்று சொல்லி முடித்துக்கொள்ளாமல், கண்ணால் பார்த்ததை வைத்துச் சொன்னார்.'

பேனா நின்றது. தலை தொங்கியது.

டொம் என்று சத்தம். நிமிர்ந்தான்.

ஹாலில் தண்ணீர் கொடுக்கும் வாட்டர்மேன் சேர்மக்கனி புதுக் கேனை முன் மேஜையில் இறக்கியிருந்தார். உறையைக் கிழித்தார்.

பச்சை மூடி.

நீல மூடிகள் நேற்று இரவு தீர்ந்துபோயின. மூலையில் கிடந்த பழைய பச்சை மூடிகளை அலசி அவன்தான் போட்டான். பச்சை மூடி என்றால் நேற்று இரவு நிரப்பியது.

நேற்று இரவு ஃபில்டர் அடைத்துக்கொண்டது. புதிது வர இரண்டு நாளாகும். ஓனர் போனில் சொன்னார்.

"பைபாஸ்ல விடுல. லாரித் தண்ணி நேரா கேனுக்குப் போவட்டும். எல்லாம் தண்ணிதாம்ல."

லாரி எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. வால்வைத் திருப்பினான்.

முன்பு ஒருமுறை இப்படித் திருப்பியபோது, ஒரு காதுகுத்து வீட்டில் பந்தி மொத்தமும் வாந்தி எடுத்தது. குழந்தைகளுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

பழி சாம்பார் மேல் விழுந்தது.

"அண்ணாச்சி, மொதல்ல எனக்கு ஒரு டம்ளர். மாத்திரை போடணும்" என்றார் கண்காணிப்பாளர் மேடம்.

"இந்தா, டம்ளரக் கழுவிட்டு வந்துருதேன் மேடம். சுத்தம் முக்கியம்லா."

சேர்மக்கனி வெளியே போனார்.

அவன் குனிந்து எழுதினான். வேகமாக. கோணலாக.

'அனாக்சிமாண்டர் மறுத்தார். எல்லாம் நீர் என்றால் நெருப்பு எப்படி வந்திருக்கும்? நீர் அதை அணைத்திருக்குமே. ஆகவே மூலப்பொருள் நீரோ நெருப்போ அல்ல, எல்லையற்ற ஏதோ ஒன்று என்றார். அதுவும் சரியென்று சொல்ல முடியாது. ஆனால் ஆசிரியர் சொன்னது தவறு என்று ஒரு மாணவன் சொன்னான். ஆசிரியர் அவனைத் துரத்தியதாக எங்கும் இல்லை.'

கடைசி இரண்டு வாக்கியங்களுக்கு மார்க் கிடையாது. விடைக்குறிப்பில் இருக்காது.

அவற்றை அடிக்கப் போனான். அடிக்கவில்லை.

சேர்மக்கனி வந்தார். கேனைச் சாய்த்தார். உள்ளே ஒரு பெரிய குமிழி எழுந்து உடைந்தது.

பார்த்தால் நல்ல தண்ணீர். நல்ல தண்ணீரும் இப்படித்தான் இருக்கும்.

மேடம் ஒரு கையில் டம்ளரை வாங்கினார். மறு கையில் மாத்திரையைப் பிதுக்கினார். அடுத்த டம்ளருக்காக முதல் பெஞ்சுப் பெண் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

பேசாமல் இருக்கலாம். கல்லூரி கேன்டீனிலும் சாம்பார் உண்டு.

எழுந்தான். பெஞ்ச் கிறீச்சிட்டது.

"என்னப்பா, அடிஷனல் ஷீட்டா?"

"இல்ல மேடம்."

"பின்ன?"

"அதக் குடிக்காதீங்க."

டம்ளர் உதட்டருகே நின்றது.

சேர்மக்கனிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏல, ஒன் கண்ணு முன்னாலதான சீல ஒடச்சேன்? பிளாண்ட் தண்ணி இது. நீ என்னத்தக் கண்ட?"

"சீல் வச்சது நாந்தான் அண்ணாச்சி."

ஹாலில் எல்லாப் பேனாக்களும் நின்றன.

"வெறும் லாரித் தண்ணி. ஃபில்டர் பண்ணல."

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். மாத்திரை உள்ளங்கையில் இருந்தது. அவனை மேலும் கீழும் பார்த்தார். கசங்கிய சட்டை. சிவந்த கண்.

"நெசமாவா?"

"நாந்தான் மேடம் புடிச்சேன்."

சேர்மக்கனி கேனைத் திருப்பினார். பிளாண்ட் பெயருக்குக் கீழே ஓனரின் போன் நம்பர் இருந்தது. அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார்.

"உக்காருப்பா" என்றார் மேடம். "எழுது."

உட்கார்ந்தான்.

வராந்தாவிலிருந்து குரல் வந்தது. "அண்ணாச்சி, ஒங்ககிட்ட வேல பாக்குறவன்னு ஒருத்தன் இங்க சொல்லுதான்..."

பகல் ஷிஃப்ட் போயிற்று. இரவு ஷிஃப்டும்.

முதல் விடைக்குக் கீழே கோடு போட்டான். அடுத்த கேள்வி, எல்லாம் நெருப்பே என்ற ஹெராக்ளிடஸ்.

தொண்டை வறண்டிருந்தது.

தூக்கம் போயிருந்தது.