ஒரு வாய் திராட்சரசம்

திராட்சரசம் நிறைந்த திருவிருந்துப் பாத்திரம் அவனை நெருங்கிக்கொண்டிருந்தது.

பீடத்தின் முன்னால் ஆண்கள் வரிசையாக முழங்காலிட்டிருந்தார்கள். அவன் கடைசிக்கு முந்தின ஆள். பெண்கள் பக்கத்து பெஞ்சிலிருந்து அவன் மனைவி எம்பி எம்பிப் பார்த்தாள்.

வழக்கமான போதகராக இருந்தால் பயமில்லை. அவரிடம் தனியாகச் சொல்லிவைத்திருந்தாள். பாத்திரத்தை அவன் உதடு வரைக்கும் கொண்டுபோவார், சாய்க்காமல் எடுத்துவிடுவார். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

இன்று அவர் ஊரில் இல்லை. பதிலுக்கு வந்தவர் புதியவர். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

அவனே தலையை ஆட்டி வேண்டாம் என்றால் போதும். ஊர் நாலு விதமாகப் பேசும். பேசட்டும். இவர்களைப் பற்றி இந்த ஊர் பேசாததா.

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அண்ணாந்து, ஒரு வாய் நிறையக் குடித்தான்.

காலையில்தான் மாத்திரை கொடுத்திருந்தாள்.

குடியை நிறுத்த டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. அது உடம்பில் இருக்கும்போது சாராயமோ புளித்த திராட்சரசமோ துளி போனாலும் உடம்பு சும்மா விடாது. முதல் மாதம் தெரியாமல் ஒரு மூடி இருமல் டானிக் குடித்துவிட்டான். அதில் கொஞ்சம் ஆல்கஹால் இருந்ததாம். காபி ஆறுவதற்குள் முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. வாந்தி எடுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே சரிந்தான். அன்றைக்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அந்த மாத்திரையை நம்பித்தான் அவள் அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். இனி குடித்தால் ஈரல் தாங்காது, ஆளே மிஞ்சமாட்டார் என்று டாக்டர் அவளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதனால் ஒரே ஒரு நிபந்தனை. தினமும் காலையில் நான் கொடுப்பேன், என் கண் முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும்.

அவனும் ஒருநாள்கூட முரண்டு பிடித்ததில்லை. வாயில் போடுவான். தண்ணீர் குடிப்பான். அப்படியே பின்வாசல் வழியாகப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவான். செடிமேல் அப்படி ஒரு பாசம் அவனுக்குப் புதிதாக வந்திருந்தது. மனுஷன் எப்படி மாறிவிட்டார் பாருங்கள் என்று அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் எழுந்து தன் இடத்துக்குத் திரும்பினான்.

ஆண்டவரே, அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஜெபித்தாள். பாட்டு மாறியது. பெஞ்ச் பெஞ்சாக ஆண்கள் போனார்கள், வந்தார்கள்.

அவன் முகம் அப்படியே இருந்தது.

அடுத்த பாட்டு. அவன் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பாடினான். நல்ல குரல் அவனுக்கு. அந்தக் குரலுக்குத்தான் அவள் ஒரு காலத்தில் மயங்கினாள்.

ஸ்தோத்திரம் ஆண்டவரே. கேட்டது கிடைத்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

துடைத்த கை பாதியில் நின்றது.

ஒரு மூடி டானிக்குக்குச் சரிந்தவன்.

போன வாரம் விடிய விடிய மழை. காலையிலும் விடவில்லை. அந்த மழையிலும் அவன் குடை பிடித்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனான். அவள் அதற்கும் சிரித்தாள்.

இல்லை. இது வெறும் பழச்சாறாக இருக்கும். டவுன் சபைகளில் இப்போது சாறுதான் கொடுக்கிறார்களாம். புதியவர் டவுனிலிருந்து வந்தவர்தானே. கையோடு கொண்டுவந்திருப்பார்.

பெண்கள் முறை வந்தது. முந்திக்கொண்டு போய் முழங்காலிட்டாள். இத்தனை வருஷத்தில் பாத்திரத்துக்காக அவள் இப்படித் தவித்ததில்லை.

சாறாக இருக்கட்டும்.

உதட்டில் பட்டது. நாக்கில் புளித்தது. தொண்டையில் சுரீரென்று இறங்கியது.

எழுந்து திரும்பியபோது ஜெபம் மாறியிருந்தது.

ஆண்டவரே, அவர் முகம் சிவக்கட்டும். கொஞ்சம் போதும். வாந்தி எடுக்கட்டும், எத்தனை பேர் முன்னால் என்றாலும் நான் துடைத்துக்கொள்கிறேன். விழுந்தாலும் தூக்கிக்கொள்கிறேன்.

நடுப்பாதையில் நின்று பார்த்தாள்.

சிவக்கவில்லை. நெற்றியில் வியர்வைகூட இல்லை.

அவன் நிமிர்ந்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவன் பாட்டை நிறுத்தினான்.

பீடத்தைப் பார்த்தான். பாத்திரத்தைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

பிறகு புத்தகத்தை மெதுவாக மூடி வைத்தான். நெஞ்சில் கை வைத்து, முன்னால் குனிந்தான்.

பின்னால் வந்த வயலட் அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏ பியூலா, அங்க பாரு, ஒன் வீட்டுக்காரரு நெஞ்சப் புடிச்சிட்டு இருக்காரு!"

ஆண்கள் பக்கம் இரண்டு பேர் எழுந்து ஓடினார்கள். யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

"அவுகளுக்கு ஒண்ணும் ஆகலக்கா."