பூட்டை உடைத்தவர்

"களஞ்சிய அறைப் பூட்ட உடைச்சது ஆர்?"

மட்டக்களப்பிலிருந்து வந்த கல்வி இன்ஸ்பெக்டர் கதிரையில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி அது.

"நான்தான் சேர்," என்றார் தலைமையாசிரியர் மீராசா.

பக்கத்தில் நின்ற ஹப்ஸா டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மீராசா முந்திக்கொண்டார்.

"டீச்சர், நாலாம் வகுப்பில சத்தம் கேக்குது. போய்ப் பாருங்க."

ஹப்ஸா தயங்கித் தயங்கி வெளியே போனார்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளம் வடிந்து ஒரு மாதமாகியிருந்தது. வெள்ளம் வந்தது விடுமுறைக் காலத்தில். சம்மாந்துறைப் பக்கத்து வயல் ஊர்கள் மூழ்கியபோது, கல்முனைக் கரையோர மேட்டில் பூட்டிக் கிடந்த இந்தப் பாடசாலையில்தான் இருநூறு பேர் ஐந்து நாள் தங்கினார்கள்.

"உள்ள இருந்த பால்மா?"

"கரைச்சி புள்ளைகளுக்குக் குடுத்தாச்சு."

"இந்தப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மட்டுந்தான் எண்டு சுற்றறிக்கை இருக்கே."

"நனைஞ்சி நடுங்கி வந்த புள்ளைக்கிட்ட, நீ எந்தப் பள்ளிக்கூடமெண்டு கேக்க ஏலுமா சேர்?"

"பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்கு ஏழைக் காணல்ல."

"காய்ஞ்ச விறகு ஒரு கொள்ளியும் இல்ல. அந்த வாங்குகள உடைச்சித்தான் கஞ்சி காய்ச்சின."

"ஆரிட்ட உத்தரவு கேட்டு?"

"றோட்டும் இல்ல, தந்தியும் இல்ல, ஆரிட்டப் போய்க் கேக்கிற? உத்தரவு வருமட்டும் காத்திருந்தா செத்த புள்ளைகள்ட மையித்தைத்தான் எண்ணியிருக்கணும். பாடசாலைக்குத் தலைமை எண்டா, அந்த நேரத்தில முடிவெடுக்கிற ஆள்தான் சேர். பிழையெண்டா அதையும் தலையில ஏத்துக்கிறணும்."

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"பென்ஷனுக்கு எவ்வளவு காலம் இருக்கு?"

"ஆறு மாசம்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

மீராசா, இன்ஸ்பெக்டர் எழுதிய தாளை வாங்கினார். முப்பத்தைந்து வருட உத்தியோகம். ஆனாலும் "ஓம் சேர்" என்று கையெழுத்தை வைத்தார்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிப் பெருமூச்சு விட்டார்.

"எனக்குச் சரியான கவலையா இருக்கு."

"மன்னிச்சிக்கங்க சேர்."

"மன்னிக்க என்ன இருக்கு? இருநூறு பேரில ஒரு உயிரும் போகல்ல எண்டு மேலிடத்துக்குத் தெரியும். சித்திரையில பெண் பிள்ளைகளுக்குப் புதுப் பாடசாலை ஒண்டு திறக்கப் போறம். இதச் செய்த ஆளையே அதுக்குத் தலைமையாப் போடச் சொல்லித்தான் என்னை அனுப்பினவை. நீங்க எண்டா ஆறு மாசத்தில போயிருவீங்களே!"

மீராசா எழுந்தே விட்டார். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய வேகத்தில் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. கையெழுத்திட்ட தாளை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! இதக் கிழிச்சிட்டு ஹப்ஸா டீச்சர்ட பேர எழுதுங்க சேர். அந்த அஞ்சு நாளும் நான் வயித்தில ஒப்பரேசன் செஞ்சி மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில கிடந்தன்."