நான்காவது முறை

"யாரைப் பாத்துடி எழுதின?"

ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. கணக்கு டீச்சர் வெரோனிகா விடைத்தாளை மேசைமேல் விரித்து வைத்திருந்தாள். எதிரே பத்தாம் வகுப்பு செந்தமிழ்ச்செல்வி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கணக்கில் ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது. வகுப்பே திணறிய கடைசிக் கணக்கைக்கூட ஒரு படி விடாமல் போட்டிருந்தாள். கோட்டைவிட்டது ஒரே ஒரு மார்க் கேள்வியில்: 'ஒரு நாணயத்தை மூன்று முறை சுண்டியதில் மூன்று முறையும் பூ விழுந்தது. நான்காவது முறை தலை விழுவதற்கான நிகழ்தகவு என்ன?'

முதலில் இரண்டில் ஒன்று என்று எழுதி, அதை அடித்துவிட்டு, 'கண்டிப்பாகத் தலைதான்' என்று எழுதியிருந்தாள். அந்த இடத்தில் மட்டும் வெரோனிகா இன்னும் தப்புக்குறி போடவில்லை.

கஷ்டமானதெல்லாம் சரி, சுலபமானது தப்பு. பார்த்து எழுதியவள் இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறாள். பதினாறு வருஷமாகப் பேப்பர் திருத்தும் வெரோனிகாவுக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது.

"காப்பி அடிக்கல மிஸ்."

"அப்ப இதை யாரு சொல்லிக் குடுத்தா? முன்னாடி என்ன விழுந்துச்சுன்னு காசுக்கு ஞாபகம் இருக்குமா?"

"அப்பா அப்படித்தான் சொல்வாரு மிஸ்."

"அவரு என்ன பண்றாரு?"

"மில்லுல இருந்தாரு. மூடிட்டாங்க. இப்ப நோணாங்குப்பத்துல படகுத் துறையில டிக்கெட் கிழிக்கிறாரு."

"நாளைக்கு அவரை வரச் சொல்லு. ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னாடி பேசிக்கலாம்."

முதல் தடவையாக அவள் நிமிர்ந்தாள். பிறகு பாடம் ஒப்பிக்கிற குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான் மிஸ். ரத்தத்துல வியாதி. கூடப்பொறந்தவங்க எலும்பு மஜ்ஜை சேர்ந்தா பொழச்சுக்குவான்னாங்க. ஒவ்வொருத்தரோடதும் சேர நாலுல ஒரு வாய்ப்பாம். மூணு அக்காங்களுக்கும் பாத்தாங்க. மூணு பேருதும் சேரல."

வெரோனிகா சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"மூணு போயிடுச்சு, நாலாவது கண்டிப்பா சேரும்னு அப்பா சொன்னாரு. இன்னொரு கொழந்த பெத்துக்கலாம்னாரு. அம்மாவுக்கு இதயம் வீக்கு, வேணவே வேணாம்னு டாக்டரு சொல்லியும் கேக்கல. அம்மாவும் கடைசியில சரின்னுட்டாங்க."

"அப்புறம்?"

"கொழந்த பொறந்த அன்னிக்கே அம்மா செத்துட்டாங்க. கொழந்தையோடதும் சேரல. அடுத்த வருஷம் அண்ணனும் போயிட்டான்."

அவள் கண்ணில் ஈரம் இல்லை. யார் வீட்டிலோ நடந்ததைப் போலச் சொன்னாள்.

"அந்தக் கொழந்த..." என்று இழுத்தாள் வெரோனிகா.

"நான்தான் மிஸ்."

உப்பளம் ஸ்டேடியம் பக்கமிருந்து யாரோ விசில் ஊதினார்கள். பிறந்ததிலிருந்து ஒரு தப்பான கணக்கைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பெண்ணை அல்லவா திருட்டுப்பட்டம் கட்டி நிற்க வைத்திருக்கிறோம்! நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரச் சொன்னாள்.

"பாரு கண்ணு, அப்பா நெனச்சது தப்பு. மூணு பேருக்குச் சேரலன்னா நாலாவதுக்குச் சேர்ந்தே ஆகணும்னு இல்ல. அப்பவும் அதே நாலுல ஒண்ணுதான். புரியுதா?"

"அது ஒம்பதாவதுலயே புரிஞ்சிடுச்சு மிஸ்."

"புரிஞ்சுமா தப்பா எழுதின?"

செந்தமிழ்ச்செல்வி விடைத்தாளை வெரோனிகா பக்கம் நகர்த்தினாள்.

"பேப்பர்ல ஒவ்வொரு கேள்வியா படிச்சுப் பாத்துட்டுதான் அப்பா கையெழுத்து போடுவாரு. அதுக்கு மட்டும் தப்பு போடாதீங்க மிஸ். அவரு போட்ட கணக்கு தப்புன்னு அவருக்குத் தெரிய வேணாம்."